பழகிப் போன மூக்கு

மனிதனுடைய ஐம்பொறிகளுக்குள் அதிகமான அவமரியாதைக்கு உள்ளாவது மூக்குத்தான் என்று நான் வெகு நாளாக நினைத்து வந்திருக்கிறேன். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். அந்தக் கண்ணாடியைச் சுமக்கும் வேலையை மூக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். காது மந்தமானால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். மூக்கு வந்து ஒரு செய்தி சொன்னாலோ, "ஜலதோஷமாக இருக்கும்" என்று அதன் வாயை அடைத்துவிடுகிறோம்.

சென்ற மாதம் என் மூக்கு எனக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லிற்று. அரை மணி நேரம் வரையில் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வெட்கத்துடன்தான் இந்த வாரக் கட்டுரையை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக என் தாயாருக்கு ஒரு பிரார்த்தனை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் பிரயாணம். தாயார், மனைவி, குழந்தைகள் இருவர், தங்கை, தங்கையின் பெண், நான் ஆக ஏழு பேருக்காக ஒரு வேன் வாடகைக்குப் பேசினோம். சி.என்.ஜி. என்று சொல்லுகிறார்களே, அந்த அழுத்தப்பட்ட இயற்கை வாயுவினால் ஓடும் வண்டி. பெட்ரோலிலும் ஓடும், முன்னால் ஒரு பொத்தானை மாற்றினால் போதும். பின் ஆசனத்துக்குப் பின்னால் இரும்புச் சிலிண்டர் கிடந்தது. அதன் மேலும் பக்கத்திலும் வெண்கலப் பானை, அரிசி மூட்டை, தேங்காய்க் கூடை எல்லாவற்றையும் நாங்களே திணித்தோம்.

ஊரைத் தாண்டியதும் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற ஒரு நாற்றம் வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் டிரைவரைப் பார்த்தேன்.

"அது எப்போதும் வருகிறதுதான் ஸார். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்றார் அவர்.

அவர் சொன்னது மெய்தான். சிறிது நேரத்தில் எங்களுக்கு நாற்றம் தெரியவில்லை. வாயு நின்றுவிட்டது என்று நான் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில் நின்றுவிட்டது வாயு அல்ல, மூக்கு! ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு சீக்கிரத்தில் களைத்துப் போய், அதைத் தெரிவிப்பதை விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் இதை நானே பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னால் டிரைவர் மனம் கோணுமே, பூஜைக்கு நேரமாகிவிடுமே என்ற தாட்சண்யத்தில் பாடம் மறந்து போயிற்று.

கீரனூருக்குச் சற்று முன்னால் குழந்தைகளுக்குத் தாகம் என்று இறங்கினோம். திரும்ப வண்டியில் ஏறப் போனபோது, வெளிக்காற்றில் இளைப்பாறி வந்த மூக்குகள் எல்லாம் ஏககாலத்தில் முறையிட்டன. "இந்த வண்டியில் நான் ஏற மாட்டேன்" என்று சொன்னவள் என் தங்கையின் ஏழு வயதுப் பெண். பட்டதாரியான நான் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள்.

டிரைவர் உடனே பொத்தானை அழுத்திப் பெட்ரோலுக்கு மாற்றினார். "இனி வராது பாருங்கள்" என்றார். வந்தது. அவருக்கே ஆச்சரியமாகிவிட்டது. அருகில் ஒரு மெக்கானிக் கொட்டகை தெரிந்தது. நாங்கள் நடந்தே போனோம்; அவர் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு வண்டியை மெள்ள ஓட்டி வந்தார். அதுவும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

கொட்டகையிலிருந்து ஓர் இளைஞன் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஓடி வந்தான். "உள்ளே கொண்டு வராதீர்கள்! வேப்பமரத்தடியிலேயே நிறுத்துங்கள்!" என்று கூவினான். கிட்டே வந்ததும் என்னைப் பார்த்துத் திகைத்து, "ஸார், நீங்களா?" என்றான்.

என் பழைய மாணவன். பௌதிக சாஸ்திரத்தில் நூற்றுக்கு 38 மார்க்கு வாங்கியவன். சி.என்.ஜி. சாதனங்களைப் பொருத்துவதற்கு அங்கீகாரம் பெற்ற ஒரு நிலையத்தில் நான்கு வருஷம் வேலை பழகிவிட்டு, இங்கே சொந்தமாகத் தொழில் வைத்திருக்கிறான். அடுத்த ஒரு மணி நேரம் அவன் செய்த காரியங்களைவிட, அவற்றை அவன் செய்த வரிசைதான் என்னைப் பிரமிக்கச் செய்தது.

முதலில் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுக்கச் சொன்னான். எங்களைக் காற்று வரும் திசையில் தூரத்தில் போய் உட்காரச் சொன்னான். டிரைவர் கவலையில் தம்மை அறியாமல் பீடிக் கட்டை எடுத்தார்.

"அண்ணே, தீப்பெட்டியை ஐயாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றான் பையன். நான் தீப்பெட்டிக்குக் காவல்காரன் ஆனேன்.

பிறகு வண்டியின் கதவுகளையெல்லாம் விரியத் திறந்தான். பின் கதவைத் திறந்து, சிலிண்டர் கழுத்தில் இருக்கும் கை வால்வைத் திருகி மூடினான். மூடிவிட்டுப் பேசாமல் வந்து மர நிழலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன தம்பி, உட்கார்ந்துவிட்டாய்? நட்டு லூஸாக இருக்கும். ஒரு முறுக்கு முறுக்கினால் சரியாய்ப் போய்விடும். நானே இரண்டு மூன்று தடவை முறுக்கியிருக்கிறேன்" என்றார் டிரைவர்.

"இருபது நிமிஷம் ஆகட்டும், அண்ணே. இப்போது வேலை செய்ய வேண்டியது காற்று, நாம் அல்ல."

அந்த இருபது நிமிஷத்தில் வாயு வண்டியின் அந்தரங்கத்தை அவனிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். நேயர்களுக்கும் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இன்று சென்னையிலும் மற்ற நகரங்களிலும் ஓடும் ஆட்டோக்களில் அநேகம் எல்.பி.ஜி. வாயுவில் ஓடுகின்றன. சி.என்.ஜி. கார்களும் பெருகிவிட்டன. தில்லியில் சுப்ரீம் கோர்ட்டு 1998-ஆம் வருஷம் இட்ட உத்தரவின் பேரில், 2002-ஆம் வருஷ முடிவுக்குள் நகரப் பஸ்கள் யாவும் சி.என்.ஜி.க்கு மாறிவிட்டன. வாயு வண்டியில் ஏறாமல் இருப்பது இனி ஒருவருக்கும் சாத்தியமில்லை.

வாயுவினால் மோட்டார் ஓட்டுவது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த காலத்தில், தமிழ்நாட்டுப் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. வண்டியின் பின்புறத்தில் ஓர் அடுப்பு, அதில் அடுப்புக்கரி, கையால் சுற்றும் ஒரு விசிறி. மேட்டில் பஸ் ஏற மறுத்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள் என்று என் பாட்டனார் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த வாயுவில் கார்பன் மானாக்ஸைடு என்னும் கொடிய விஷம் உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் அடுப்பைப் பற்ற வைத்தால் ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

இக்காலத்து வாயுக்கள் வேறு குணமுள்ளவை. சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீதேன். அதைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் அடைக்கிறார்கள். அங்கிருந்து உருக்குக் குழாய் ஒன்று வண்டியின் அடிப்பாகமாகவே ஓடி என்ஜின் பக்கம் போகிறது. அங்கே மின்சாரத்தினால் திறந்து மூடும் வால்வும், ரெகுலேட்டர் என்னும் அழுத்தக் குறைப்பானும் இருக்கின்றன. ரெகுலேட்டரைத் தாண்டிய பிறகுதான் வாயு சாதுவாகி ரப்பர்க் குழாய் வழியாக என்ஜினுக்குள் பிரவேசிக்கிறது.

"ஸார், கார் டயரில் எவ்வளவு அழுத்தம்?" என்று பையன் என்னையே பரீட்சை செய்தான்.

"சுமார் 2 கிலோ."

"அப்படியானால் இந்தப் பென்சில் பருமன் குழாயில் நூறு டயர் அழுத்தம் இருக்கிறது. இருக்கும்போது நட்டை முறுக்குகிறார் அண்ணன். மரை நழுவினால் குழாய் அம்பு மாதிரி கிளம்பும். பெட்ரோலுக்கு மாற்றினாலும் அழுத்தம் போகாது. பொத்தான் முன்னால் இருக்கிற வால்வைத்தான் மூடுகிறது. இந்த வண்டியில் சிலிண்டரிலிருந்து அந்த வால்வு வரையில் குழாய் நிரம்பியே இருக்கும். கை வால்வை மூடினால்தான் சிலிண்டர் பிரியும்."

நாற்றம் நிற்காத காரணம் விளங்கிற்று. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொட்டகையின் வாசலில் ஒரு பச்சை மஞ்சள் ஆட்டோ பாதி பிரித்த நிலையில் வெளியே நின்றது. கொட்டகைக்குள்ளே வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கான பள்ளம் காலியாக இருந்தது. "ஆட்டோவை ஏன் வெயிலில் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அது எல்.பி.ஜி. ஸார். தண்ணீர் மாதிரி, பள்ளத்தைத் தேடும். சி.என்.ஜி. புகை மாதிரி, கூரையைத் தேடும். எல்.பி.ஜி.யைப் பள்ளத்தின் பக்கத்தில் பிரிக்க மாட்டேன். சி.என்.ஜி.யைக் கூரையின் கீழ் பிரிக்க மாட்டேன். நீங்கள்தானே வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்?"

போட்டுக் காட்டினேன்தான். மீதேனின் மூலக்கூற்று எடை 16. காற்றினுடையது சராசரி 29. ஆகையால் மீதேன் காற்றில் மேலே எழும்பும். எல்.பி.ஜி.யில் உள்ள புரோப்பேன் 44, பூட்டேன் 58; ஆகையால் அது தரையோடு தரையாக ஊர்ந்து, சாக்கடைக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தங்கும். கரும்பலகையில் இது மூன்று வரி. 38 மார்க்கு வாங்கிய பையன் அந்த மூன்று வரியின் பேரில் தன் கொட்டகையையே கட்டியிருக்கிறான்! இரண்டு பக்கம் சுவர் கிடையாது. கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. நூற்றுக்கு நூறு வாங்கிய எத்தனையோ பேர் அதைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

வாயு கசிந்தவுடனே தீப்பிடித்துவிடுவதில்லை. காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரையில் மீதேன் கலந்தால்தான் அது பற்றும். எல்.பி.ஜி.க்கு ஏறக்குறைய 2 பங்கே போதும். அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்னாலேயே மனிதனுக்குத் தெரியவேண்டும் என்றுதான் வாயுவில் நாற்றம் கலக்கிறார்கள். சுத்தமான மீதேனுக்கும், சுத்தமான புரோப்பேனுக்கும் நாற்றமே கிடையாது. நாம் முகர்வது மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்க்கையை. பற்றக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு இருக்கும்போதே மூக்கில் தைக்க வேண்டும் என்பது கணக்கு.

இந்த நாற்றம் இலவசமாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த செழிப்பான பிரதேசம். அங்குள்ள பள்ளிக்கூடத்தைக் கணகணப்பாக வைத்திருப்பதற்கு, கிணறுகளில் மிஞ்சிய வாயுவைக் குழாய் போட்டு எடுத்து உபயோகித்தார்கள், செலவு மிச்சம். அந்த வாயுவுக்கு நாற்றம் இல்லை. 1937-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி, பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்னால், கைத்தொழில் வகுப்பு உபாத்தியாயர் ஒரு மின்சார யந்திரத்தின் விசையைப் போட்டார். தரைக்கு அடியில் ஒருவருக்கும் தெரியாமல் சேர்ந்திருந்த வாயு வெடித்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று அம்மாகாணத்தில் சட்டம் வந்தது. மற்ற இடங்களிலும் அவ்வழக்கம் பரவியது.

அந்த உபாத்தியாயர் செய்தது தினமும் செய்யும் காரியம். விசையைப் போட்டதற்குமேல் அவர் ஒரு பாவமும் அறியார். அவருக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எச்சரிக்கையை, "பழகிவிடும்" என்ற ஒரு வார்த்தைக்கு விற்றுவிட்டு ஏழு பேரோடு பிரயாணம் செய்தேன். வேப்பமரத்தடியில் இதை எண்ணியபோது வெயிலிலும் உடம்பு குளிர்ந்தது.

இருபது நிமிஷம் கழிந்தது. பையன் கையடக்கமான ஒரு வாயுமானியைக் கொண்டுவந்து, வண்டியின் உட்கூரையை ஒட்டி ஒவ்வொரு மூலையிலும் காட்டிப் பார்த்தான். வாயு இல்லை என்று தெரிந்த பிறகே முன் மூடியைத் தூக்கி, பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினான். ஒயரைக் கழற்றும்போது பொறி பறக்கலாம். ஆகையால் முதலில் கதவு, பிறகு வால்வு, பிறகு காத்திருத்தல், அதன் பிறகே பாட்டரி. இந்த வரிசை மாறினால் செய்த காரியமே அபாயமாகிவிடும்.

அழுத்தமானியின் முள் இன்னும் கொஞ்சம் மேலே நின்றது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, இணைப்பை ஒரு நூலிழை அளவு தளர்த்தினான். உஸ்ஸென்ற சீறல். உடனே கையை எடுத்துவிட்டான். சீறல் அடங்கி முள் பூஜ்யத்தில் படுத்த பிறகுதான் சிலிண்டர்ப் பக்கத்து இணைப்பைத் தொட்டான்.

வியாதி அங்கேதான் இருந்தது. குழாயின் நுனியில் ஃபெரூல் என்ற சிறு உலோக வளையம் உண்டு; அதுதான் வாயுவை அடைத்து நிற்பது. டிரைவர் முறுக்கிய முறுக்கலில் அது நசுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கசிவை நிறுத்துவதற்காகச் செய்த உபகாரமே கசிவுக்குக் காரணம்! இன்னொரு விஷயமும் தெரிந்தது. வால்வில் கசிவு ஏற்பட்டாலும் வாயு வண்டிக்குள் வராதபடி, வால்வைச் சுற்றி ஓர் உறையும், உறையிலிருந்து வெளியே போகும் வடிகுழாயும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வெண்கலப் பானை இடித்து அந்த வடிகுழாய் கழன்று கிடந்தது. டிரைவரை மட்டும் குற்றம் சொல்லலாம் என்றிருந்த எனக்கு அந்தச் சௌகரியமும் இல்லாமல் போயிற்று.

பையன் குழாயின் நுனியைச் சுத்தமாக வெட்டிப் புது வளையம் போட்டு, அளவறிந்து இறுக்கி, உறையையும் வடிகுழாயையும் சரிசெய்தான். பிறகு சிலிண்டரில் பொறித்திருந்த எழுத்துக்களைத் துணியால் துடைத்துப் பார்த்தான். அவன் முகம் மாறிற்று.

"அண்ணே, சோதனைத் தேதி கடந்து ஏழு மாதம் ஆகிறது. நான் வால்வைத் திறக்க மாட்டேன். பெட்ரோலிலேயே போங்கள்."

நம் நாட்டுச் சட்டப்படி வண்டியில் உள்ள சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதிக்க வேண்டும். நாள்தோறும் நிரம்புவதும் காலியாவதுமாக உலோகம் இளைக்கிறது. பிடிப்புப் பட்டைகளின் கீழே துரு ஏறுகிறது. சோதனையில் வாயுவை அடைக்க மாட்டார்கள். தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட வெகு அதிகமாக அழுத்துவார்கள். தண்ணீர் வாயுவைப் போல் அமுங்கிச் சக்தியைச் சேர்த்துவைப்பதில்லை. ஆகையால் சிலிண்டர் தோற்றால் ஒழுகுமே தவிர, பிரமாதமாக வெடிக்காது.

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. "வாடகை பேசினது கேஸ் கணக்குக்கு. பெட்ரோலில் ஓட்டினால் எனக்கு என்ன மிஞ்சும்? சோதனைக்கு விட்டால் இரண்டு மூன்று நாள் வண்டி நிற்கும். கடனுக்கு வட்டி யார் கட்டுவது, தம்பி?" என்றார்.

பையன் பதில் சொல்லவில்லை. சாவி அவன் கையில் இல்லை. வண்டியும் அவனுடையது அல்ல. என்னைத்தான் பார்த்தான். வகுப்பில் விடை தெரியாதபோது அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது அது அல்ல. இப்போது விடை சொல்ல வேண்டியவன் நான்.

"பெட்ரோலுக்கு ஆகும் அதிகச் செலவை நான் கொடுத்துவிடுகிறேன். கேஸ் திறக்க வேண்டாம். ஆனால் திரும்பியதும் சோதனைக்கு விடுவதாக எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்" என்றேன். அரை மணி நேரம் முன்னால் வண்டிக்குள் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகளைக் காட்டிலும் இவை எளிதாகவே வந்தன. டிரைவர் சற்று யோசித்து, "சரி ஸார்" என்றார். என் தாயார் அவருக்கு மோர் கொடுத்தார். கோபம் தணிந்தது.

புறப்படுமுன் ஆட்டோவின் வேலையையும் அவன் முடிப்பதைப் பார்த்தோம். இணைப்பைப் பூட்டி, வால்வை மெள்ளத் திறந்து, சோப்பு நுரையை ஒரு தூரிகையால் தடவினான். குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் க்ஷேமம். சிலர் தீக்குச்சியைக் காட்டிக் கசிவைத் தேடுகிறார்களாம்! கசிவு இருக்கிறதா என்று அதுவும் சொல்லிவிடும். ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும். எல்.பி.ஜி. வேலையில் கையுறை அவசியம் என்றும் சொன்னான். திரவமாக உள்ள புரோப்பேன் வெளியே வந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 42 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் புண்ணாகும். வாயு விரியும்போது குளிர்வதால் சில சமயம் ரெகுலேட்டரில் பனி படியும். அதற்கு வெந்நீர் ஊற்றலாம். நெருப்புக் காட்டவே கூடாது.

நம் குடும்பங்களில் யாரும் ஸ்பானர் பிடிக்கப் போவதில்லை. பிடிக்கவும் வேண்டாம். வாயு வண்டியைக் கைவைத்துப் பழுது பார்ப்பது அதற்கென்று தேர்ந்தவர்களுடைய வேலை. ஆனால் வண்டியில் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

வாயு நாற்றம் வந்தால் வண்டியை ஓரமாகத் திறந்த வெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். என்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, கதவுகளைத் திறந்து விட்டு விலகிப் போங்கள். கை வால்வு எட்டுமானால் மூடலாம். விளக்கு, விசை, நெருப்பு எதுவும் வேண்டாம். அதே வண்டியை மெள்ள ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம் என்று எங்களைப் போல் எண்ண வேண்டாம். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைப்பதே முறை. கசியும் வாயு தீப்பிடித்துவிட்டால், வால்வை மூட வழியில்லாதபோது தீயை மட்டும் அணைக்க முயல வேண்டாம். எரியாமல் பரவும் வாயு எரியும் வாயுவைவிடப் பொல்லாதது. எட்டப் போய் 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்.

வாயு நிரப்பும்போது பிரயாணிகள் இறங்கிவிட வேண்டும். சிலிண்டரில் பழுது இருந்தால் அது வெளிப்படக்கூடிய நேரம் அதுதான். சிலிண்டரின் மேல் சாமான் சாத்தாதீர்கள். சமையல் சிலிண்டரிலிருந்து வண்டிக்கு வாயு ஏற்றுகிறவருடைய வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். சட்டம் தடுத்திருக்கிறது, சட்டத்துக்கு முன்னால் புத்தியே தடுக்க வேண்டும். ஆட்டோவுக்கென்று செய்த தொட்டி நூற்றுக்கு 80 பங்கு நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும். வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் அல்லவா? கள்ளத்தனமாக ஏற்றும் இடத்தில் அந்தக் கணக்கைப் பார்ப்பவர் யார்?

வாடகைக்கு வண்டி பேசும்போது, "சிலிண்டர் சோதனைத் தேதி என்ன?" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பெண் பார்க்கப் போன இடத்தில் ஏழு தலைமுறையை விசாரிக்கிற நாம், குழந்தைகளை ஏற்றும் வண்டியில் ஒரு தேதியை விசாரிக்கக் கூடாதா?

பொங்கல் நன்றாகப் பொங்கிற்று. பத்து நாள் கழித்து டிரைவர் டெலிபோனில் கூப்பிட்டார். "சிலிண்டர் சோதனையில் தேறிவிட்டது ஸார். ஒரு குறையும் இல்லை. நீங்களும் அந்தத் தம்பியும் வீணாகப் பயந்தீர்கள். மூன்று நாள் வருமானம் போயிற்று" என்றார்.

மாணவன் தேறிவிட்டால் பரீட்சை வைத்தது வீண் என்று எந்த உபாத்தியாயரும் சொல்லமாட்டார். ஆனால் அவருடைய மூன்று நாள் நஷ்டம் உண்மையான நஷ்டம். ஆகையால் வாதம் செய்யாமல், அடுத்த மாதம் என் தங்கையை ஊருக்கு அனுப்புவதற்கு அவருடைய வண்டியையே பேசிவிட்டேன்.

"இப்போது நாற்றம் வருகிறதா?" என்று மாத்திரம் கேட்டேன்.

"இல்லை ஸார்" என்றவர், சற்று நிறுத்தி, "வந்தால் எனக்குத் தெரியுமோ என்னவோ. ஏறும்போது அந்தச் சின்னப் பெண்ணை ஒரு தடவை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்.